வலி நின்றதா, அறுந்ததா

நேற்று முழங்காலைக் காட்டுவதற்காகப் பாலக்காட்டுக்குப் போயிருந்தேன். புதிதாக வேலைக்கு வந்த ஒரு நர்ஸ் பெண் என் முன்னால் ஓர் அட்டையை நீட்டியது. அதில் வரிசையாக முகங்கள் வரைந்திருந்தார்கள். முதல் முகம் சிரிக்கிறது, கடைசி முகம் அழுகிறது, அடியில் ஒன்றிலிருந்து பத்து வரைக்கும் எண்கள். "அம்மா, உங்க வலி எந்த நம்பர்னு தொட்டுக் காட்டுங்க" என்றது. அந்த நேரத்தில் எனக்கு வந்த எரிச்சலுக்கு வேண்டுமானால் பத்து கொடுத்திருப்பேன். "ஏங் கண்ணு, படியெறங்குனா சுளீர்னு குத்துது, உக்காந்தா மந்தமா உளையுது, வெடியால எந்திரிச்சா மரக்கட்டையாட்ட இருக்குது. இதுல எதுக்கு நம்பர் வேணும்?" என்றேன். அது சிரித்துக்கொண்டே ஆறு என்று எழுதிவிட்டு அடுத்த ஆளைப் பார்க்கப் போய்விட்டது.

மாத்திரைக்காக வெளியே பெஞ்சில் காத்திருந்தபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நீ பக்கத்தில் இருந்திருந்தால், "ஏட்டி, ஆறுன்னா அது எந்த ஊரு வலி?" என்று கேட்டிருப்பாய். உன் குரலே காதில் விழுந்த மாதிரி இருந்தது. சிரித்து முடிப்பதற்குள் அழுகையும் வந்தது. நீ போய் இரண்டு வருஷம் ஆகப்போகிறது. உனக்கு ஒரு கடிதம் எழுத வேண்டும் என்று அந்தப் பெஞ்சில்தான் தோன்றியது.

நாம் முதலில் பார்த்துக்கொண்டது எழுபதுகளின் தொடக்கத்தில். நெல்வயலும் களமும் தவிர வேறு ஒன்றும் தெரியாத நல்லேப்பிள்ளிப் பண்ணையார் வீட்டிலிருந்து, "பண்ணாடி ஊட்டுப் புள்ளை ஊசி போடப் போகுதாமா" என்ற ஊர்ப் பேச்சையெல்லாம் காதில் வாங்கிக்கொண்டு, நர்ஸ் படிப்பை முடித்து, இடுக்கி மலையில் அந்த எஸ்டேட் ஆஸ்பத்திரி வாசலில் வந்து இறங்கினேன். சாரல் அடிக்கிறது, குளிரில் பல் கிட்டித்து நிற்கிறேன். வார்டு வாசலில் நின்ற நீ, "ஏட்டி, பெட்டியத் தூக்கிட்டு உள்ள வா, நனஞ்சி சாகாத" என்றாய். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. முன்பின் தெரியாதவளை ஏட்டி என்று கூப்பிடுவது என்ன மரியாதை என்று அன்று முழுக்க உன்னோடு பேசவில்லை. உங்கள் குடும்பம் திருநெல்வேலிச் சீமையிலிருந்து தேயிலைக்கு வந்தது, உங்களிடையே ஏட்டி என்றால் பிரியம் என்றெல்லாம் எனக்கு யார் சொல்லியிருந்தார்கள்? நீயோ என் பேச்சைக் கேட்டுவிட்டு வார்டு முழுக்கச் சொல்லித் திரிந்தாய்: "இவ ஊர்ல ஆட்டுக்குட்டியக்கூட வாங்க போங்கன்னுதான் மேய்ப்பாளுவ."

நம்மை ஒன்றாகக் கட்டிப்போட்டது டாக்டருடைய ஒரு பழக்கம்தான். அவர் வடக்கே வெகுதூரத்திலிருந்து வந்தவர். நல்ல மனுஷர், கைராசிக்காரர். தமிழும் வராது, மலையாளமும் வராது. காலையில் அவர் வார்டைச் சுற்றி வரும்போது நம்மில் ஒருத்தி கூடவே நடந்து, நோயாளி சொல்வதை இங்கிலீஷில் சொல்ல வேண்டும். நோயாளி மாமியார் போட்ட சண்டையிலிருந்து ஆரம்பித்து மூச்சு விடாமல் சொல்லுவாள். அவர் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு, "ஒன் வேர்ட், சிஸ்டர்" என்பார். ஒரே டாக்டர், வார்டு நிறைய ஆட்கள், வெளியே இன்னும் அத்தனை பேர். அவரைக் குறை சொல்லவும் முடியாது. நாம் கொடுக்கும் அந்த ஒற்றைச் சொல்லைத்தான் கேஸ் ஷீட்டில் எழுதுவார். மருந்தும் அதை வைத்துத்தான்.

அதனால் சரியான சொல்லைத் தேடுவது நம் வேலையாகிவிட்டது. எனக்கு இங்கிலீஷ் கொஞ்சம் நன்றாக வரும், பையில் ஒரு சின்ன அகராதியும் வைத்திருந்தேன். உன்னுடையது எஸ்டேட் இங்கிலீஷ். ஆனால் கொழுந்து பறிக்கிற பெண்கள் எதை எதற்குச் சொல்கிறார்கள் என்பது உனக்குத்தான் தெரியும், நீ அவர்கள் நடுவில் வளர்ந்தவள். பஞ்சு உருட்டும்போதும் ஊசிகளைக் கொதிக்க வைக்கும்போதும் நமக்கு இதே பேச்சுதான், இதே சண்டைதான். உளைச்சலுக்கு ஏக். எரிச்சலுக்கு பர்னிங். விண்விண்ணென்று தெறிப்பதற்கு த்ராபிங் என்று நான் தேடிப் பிடித்துச் சொன்னபோது, நீ அதை வாய்க்குள் போட்டுச் சொல்லிச் சொல்லிப் பார்த்து, "இது நல்லாருக்கு, சொல்லும்போதே தெறிக்கி" என்றாய். இசிவுக்கு ஸ்பாசமா கிராம்ப்பா என்ற சண்டையில் பேச்சுவார்த்தையே நின்றுபோய், உப்பு வேண்டும் என்றால்கூட ஆயா மூலமாகக் கேட்டுக்கொண்டோம். நான் நோவு என்று சொன்னால் உனக்குச் சிரிப்பு, நீ வலிக்கி என்று சொன்னால் எனக்குச் சிரிப்பு.

இன்னொன்றையும் நீதான் எனக்குக் காட்டினாய். பங்களா அம்மாவுக்குக் காய்ச்சல் வந்தால் ஷீட்டில் இன்டிஸ்போஸ்டு என்று எழுதினார்கள். ஆபீஸ் கிளார்க்குக்கு வந்தால் அன்வெல். கொழுந்து பறிக்கிறவளுக்கு வந்தால் சிக். அவளே அடுத்த வாரமும் வந்து நின்றால், காய்ச்சல் என்று இவள் சொல்கிறாள் என்பது போல ஒரு வரி. "காய்ச்சல் ஒண்ணுதாம்ட்டி, ஆளுக்குத் தக்கன சட்ட போட்டு விடுதாங்க" என்றாய். என் அகராதியில் இந்தச் சொற்களுக்கெல்லாம் ஏறக்குறைய ஒரே பொருள்தான் போட்டிருந்தது. அன்றிலிருந்து எந்தச் சொல்லைப் பார்த்தாலும் இது யாருக்குப் போட்டது என்றும் பார்க்கப் பழகிக்கொண்டேன்.

செல்லக்கனி வந்தது நான் வேலைக்குச் சேர்ந்த மறு வருஷம் மழைக்காலத்தில். உன் வீட்டுக்கு நாலு கதவு தள்ளி, அதே லயத்து வரிசை வீடுகளில் உன்னோடு விளையாடி வளர்ந்தவள். கைக்குழந்தைக்காரி. தொப்புளைச் சுற்றி வலி என்று வந்து படுத்தாள். சாயங்காலத்துக்குள் வலி அடிவயிற்றில் வலப்பக்கமாக இறங்கியது. குடல்வாலாக இருக்குமோ என்று டாக்டருக்குச் சந்தேகம். அப்படியென்றால் அறுக்க வேண்டும், அதற்கு மலைக்குக் கீழே பெரிய ஆஸ்பத்திரிக்குத்தான் கொண்டுபோக வேண்டும். மழையில் பாதை அங்கங்கே இடிந்து கிடந்தது. ஆஸ்பத்திரிக்கு இருந்ததோ ஒரே ஜீப். வெறும் வயிற்றுப் பிடிப்பாக இருந்து, அந்தப் பாதையில் அனுப்பி, ஜீப்போடு பள்ளத்தில் போனால் யார் பதில் சொல்வது? மருந்து கொடுத்துக் காலை வரைக்கும் பார்க்கலாம் என்றார்.

மறுநாள் காலையில் டாக்டர் கூடப் போனது நான். நீ அவள் கட்டிலுக்கு அந்தப் பக்கம் நின்று காய்ச்சல் பார்த்துக்கொண்டிருந்தாய். முந்தின நாள் முழுக்க முழங்காலை மடக்கிக்கொண்டு முனகியவள், அன்று காலை நீட்டி மல்லாக்கப் படுத்திருந்தாள். "எப்புடி இருக்குதுங்க அம்மிணி இப்ப?" என்று கேட்டேன். "வலி அத்துப் போச்சி சிஸ்டர். நான் வீட்டுக்குப் போறேன், பிள்ள பாலு குடிக்காம கெடக்கும்" என்றாள். டாக்டர் அவள் நிம்மதியாகப் படுத்திருப்பதைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார். நான் வாயைத் திறப்பதற்கு முன்பே, "ரிலீவ்டு?" என்று கேட்டார். பேனா திறந்திருந்தது. அந்தச் சொல்லை எழுதினால் அடுத்த வரி டிஸ்சார்ஜ். அவள் மழையில் நடந்து லயத்துக்குப் போய்விடுவாள்.

நீ தெர்மாமீட்டரை உதறிக்கொண்டே, தலையைத் தூக்காமல், "அது இல்லட்டி. அதச் சொல்லாத" என்றாய்.

"பின்ன என்ன சொல்றது? சப்சைடட்னு சொல்லட்டுமா? அதுன்னா மெல்ல மெல்ல அடங்கறது."

"மெல்ல அடங்கலயே. அவ சொல்லுதத நல்லாக் கேளு. வீட்டுக்குப் போகணும்னு பொய் சொல்லுதவ சுகமாயிருச்சிம்பா. நெசமாவே கொறஞ்சவ பரவால்லம்பா. இவ அத்துப் போச்சிங்கா. இழுத்துக் கட்டுன கயிறு அத்து விழுமே, அப்படி. நீ அவ கையத் தொட்டுப் பாரு."

தொட்டேன். சில்லென்று, பிசுபிசுவென்று வேர்த்திருந்தது. "சிஸ்டர்ஸ், இது சந்தை இல்லை" என்றார் டாக்டர் இங்கிலீஷில். எனக்கு அகராதியின் பக்கமெல்லாம் தலைக்குள் புரண்டது. ஸ்டாப்டு என்றால் நின்றுவிட்டது. நல்லது என்று அதையும் ரிலீவ்டு என்றே எழுதிக்கொள்வார். கான் என்றால் போய்விட்டது. போனால் சந்தோஷம் என்பார். சீஸ்டு என்றாலும் அதே கதைதான். எல்லாம் பக்கத்துப் பக்கத்துச் சொல்தான், அகராதியைக் கேட்டால் எதையும் போடலாம் என்றுதான் சொல்லும். ஆனால் ஒன்றைச் சொன்னால் செல்லக்கனி லயத்துக்கு நடப்பாள், இன்னொன்றைச் சொன்னால் ஜீப்பில் ஏறுவாள். அந்த இன்னொன்று எது என்றுதான் தெரியவில்லை. அப்போது நீ சொன்ன கயிற்றைப் பிடித்துக்கொண்டேன்.

"ரிலீவ்டு இல்லை டாக்டர். ஸ்னாப்டு" என்றேன்.

"வலி ஸ்னாப் ஆகாது சிஸ்டர். கயிறுதான் ஆகும்" என்றார் அவர்.

"இவளுக்கு ஆகியிருக்கிறது டாக்டர். அப்படித்தான் சொல்கிறாள்" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார், உன்னைப் பார்த்தார். பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகிவிட்டு அவள் வயிற்றில் கை வைத்தார். வைத்த கையை வெகுநேரம் எடுக்கவில்லை. வயிறு பலகையாக இறுகிக் கிடந்தது. பிறகு நாடியைப் பிடித்தார். நாடி பறந்துகொண்டிருந்தது. நிமிர்ந்து என்னிடம், "ஜீப்" என்றார்.

கூடப் போனது நீ. போகும்போது உன் கம்பளிச் சட்டையையும் எடுக்கவில்லை. ஜீப் மறைந்த பிறகு லயத்திலிருந்து ஒருத்தி செல்லக்கனியின் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்து வார்டில் விட்டாள். நான் அதற்குப் பால்பொடியைக் கரைத்துச் சங்கில் புகட்டினேன். அது துப்பியது. நான் மறுபடி புகட்டினேன், அது மறுபடி துப்பியது. வாயைத் திறந்து ஒரு சொல்லைச் சொல்லிவிட்டோம், அது தப்பாக இருந்தால், வெறும் வயிற்றுப் பிடிப்புக்காக உன்னையும் அவளையும் அந்தப் பாதையில் அனுப்பிவிட்டோமே என்று குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலுக்கும் கட்டிலுக்குமாக நடந்தேன். மழை விடவே இல்லை. எங்கள் குலசாமியையும் வேண்டினேன், உங்கள் ஏசுவையும் வேண்டினேன்.

நீ மறுநாள் மத்தியானம் திரும்பி வந்தாய். முழங்கால் வரைக்கும் செம்மண் சேறு. வழியில் மண் சரிந்து கிடந்த இடத்தில் ஜீப்பை நிறுத்திவிட்டு, அவளைக் கம்பளியில் போட்டுத் தூக்கிக்கொண்டு கடந்து, அந்தப் பக்கம் ஒரு லாரியைப் பிடித்திருக்கிறீர்கள். இதையெல்லாம் பிறகுதான் சொன்னாய். வந்ததும் முதலில், "டீ இருக்காட்டி?" என்றாய். எனக்குக் கோபம் வந்து, "அவளுக்கு என்னாச்சுன்னு சொல்லு மொதல்ல" என்று கத்தினேன். "பொழச்சிக்கிட்டா" என்றாய். அவ்வளவுதான், இருவரும் அங்கேயே நின்று ஒருத்தியை ஒருத்தி கட்டிக்கொண்டு அழுதோம். குழந்தை நம்மைப் பார்த்து மிரண்டு அதுவும் அழுதது.

குடல்வால் வெடித்திருந்ததாம். வெடித்ததும்தான் வலி நின்றிருக்கிறது. இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் பிழைத்திருக்க மாட்டாள் என்று கீழே பெரிய டாக்டர் உன்னிடம் சொல்லியிருக்கிறார். வலி சட்டென்று நின்றால் பயப்பட வேண்டும் என்பது நாமும் படித்ததுதான், நம் டாக்டரும் படித்ததுதான். படித்தது சமயத்தில் ஞாபகம் வருவதற்கு அந்தச் சொல் தேவைப்பட்டது. உன் காதும் என் அகராதியும் சேராமல் அது கிடைத்திருக்காது. இதைச் சொன்னால், "ஆமா, ரெண்டு அரைக் கிறுக்கு சேந்து ஒரு முழுக் கிறுக்கு" என்பாய் நீ. அந்த டாக்டர் மலையை விட்டு மாற்றலாகிப் போகும் வரைக்கும், யாராவது வலி இல்லை என்று சொன்னால் பேனாவைத் திறக்காமல் நம் பக்கம் திரும்பி, "ரிலீவ்டா, ஸ்னாப்டா?" என்று கேட்பார். முதலில் கேலியாகத்தான் கேட்டார். பிறகு கேலி போய்விட்டது, கேள்வி மட்டும் நின்றது.

எனக்குக் கல்யாணம் ஆனது, நான் ஊருக்கே வந்துவிட்டேன். நீ மலையை விட்டு இறங்கவில்லை. கிறிஸ்துமஸ் வந்தால் வட்டவடைப் பூண்டு ஒரு பையும், அதற்குள் சுருட்டி வைத்த கடிதமும் யார் கையிலாவது வந்து சேரும். பொங்கலுக்கு எங்கள் வயல் அரிசி உனக்கு வரும். போன் வந்த பிறகு கடிதம் நின்றுவிட்டது, பேச்சு கூடிவிட்டது. உன் வயிற்றில் கட்டி என்று தெரிந்தபோதும் நீ போனில்தான் சொன்னாய், ஏதோ பக்கத்து வீட்டுக்காரிக்கு வந்த மாதிரி. வலியை மற்றவர்களிடம் மறைத்தாலும் என்னிடம் மறைக்க மாட்டாய். இன்றைக்குக் குடைச்சல், இன்றைக்கு எரிச்சல், இன்றைக்கு நான் தேடிக் கொடுத்த த்ராபிங் என்று தினுசு சொல்லுவாய். நான் இந்தப் பக்கம் கண்ணைத் துடைத்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருப்பேன்.

கடைசியில் ஒரு நாள் காலையில் உன் மகன் கூப்பிட்டான். பல மாசத்துக்குப் பிறகு அவன் குரலில் தெளிவு. "ஆன்ட்டி, நல்ல சேதி. அம்மாவுக்கு வலியே இல்லையாம். ஒங்களுக்கு போன் போட்டு, வலி அத்துப் போச்சின்னு சொல்லுன்னாங்க, இதே மாதிரி சொல்லணும்னாங்க. நல்லா உக்காந்து பேசுதாங்க. நீங்க ஞாயித்துக்கிழமை மெதுவா வந்தாப் போதும்" என்றான். "சந்தோசம் சாமி" என்று மட்டும் அவனிடம் சொன்னேன். போனை வைத்ததும் பையில் இரண்டு சேலையைத் திணித்தேன். "நல்லாத்தான இருக்கறாங்களாமா, இப்ப எதுக்குங்கத்தை ஓடறீங்க?" என்று மருமகள் வழியை மறித்தாள். அவளுக்கு விளக்கிச் சொல்ல எனக்கு நேரம் இல்லை. பொள்ளாச்சி, உடுமலை, மறையூர் என்று பஸ் மாறி மாறி வந்தேன். ஒவ்வொரு வளைவிலும் பஸ் மெதுவாகப் போகிறதே என்று டிரைவரைத் திட்டிக்கொண்டே வந்தேன்.

நான் வந்து சேர்ந்தபோது பொழுது சாய்ந்திருந்தது. வீடு நிறைய ஆட்கள், எல்லோர் முகத்திலும் சிரிப்பு. நீ தலையணையில் சாய்ந்து, தலை வாரி, காலை நீட்டி உட்கார்ந்திருந்தாய். நான் பக்கத்தில் உட்கார்ந்து உன் கையைப் பிடித்தேன். சில்லென்று இருந்தது. "எப்புடி அம்மிணி இருக்குது?" என்றேன். நீ எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "சுகமாயிருச்சி" என்றாய். உன் மகன் எனக்கு டீ போடுவதற்கு அடுப்படிக்குப் போனான். அவன் முதுகு மறைந்ததும் என்னைக் கிட்டே இழுத்தாய்.

"அவன்ட்ட சொல்லிராத. இதுக்கு இனி எந்த ஜீப்பும் ஒதவாது. ஒரு நாளாவது சந்தோசமா இருக்கட்டும்" என்றாய். பிறகு, "மத்தவங்க யாருக்குச் சொல்லி விட்டாலும் ஞாயித்துக்கிழமதான் வருவாங்க. நீ ஒருத்தி இன்னைக்கே வந்துருவன்னு தெரியும்" என்றாய்.

ஞாயிற்றுக்கிழமைக்கு நீ இல்லை. அதற்குள் நமக்குப் பேசக் கிடைத்ததெல்லாம் பேசிவிட்டோம், போகும்போது உன் கை என் கையில்தான் இருந்தது. உன் மகன் இன்னும் என்னைக் கேட்கிறான், ஆன்ட்டி, நாங்க எல்லாரும் நல்லாயிட்டாங்கன்னு இருந்தோமே, ஒங்களுக்கு மட்டும் எப்படித் தெரிஞ்சது என்று. நான் ஏதோ மனசுக்குப் பட்டுது சாமி என்று சொல்லி வைக்கிறேன். ஊரில் யாருக்காவது முடியவில்லை என்று பார்க்கப் போனால், பரவாயில்லைங்க, வலி இல்லைங்க என்றதும் மற்றவர்கள் எழுந்து கிளம்பிவிடுகிறார்கள். நான் கிளம்புவதில்லை. இன்னும் கொஞ்ச நேரம் உட்கார்ந்து, கையைத் தொட்டுப் பார்த்து, வலி எப்படி நின்றது என்று கேட்டுவிட்டுத்தான் வருகிறேன். என்னை அப்படிக் கேட்பதற்குத்தான் இப்போது ஆள் இல்லை.